கல்லீரல் நோயாளிக்கு நெய் எழுதினேன்

"டாக்டர் நோய் பேரை அடிச்சா போதும் மேடம், டயட் தானா வந்துடுது. லிவர்னு அடிச்சா லிவர் டயட்!"

போன மாதம் ரித்திகா போனில் இப்படிச் சொன்னபோது நான் மயூர் விஹார் வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நான் முப்பது வருடம் வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரியில் ரித்திகா இப்போது டயட்டீஷியன். துறையின் ஆண்டு மலருக்கு என் அனுபவம் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்கக் கூப்பிட்டவள், நடுவில் புதுக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டையும் பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அதை முதல்ல நிப்பாட்டச் சொல்லு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து பால்கனிக்காரர் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் செய்கிற வேலையைத்தான் நான் கையால் செய்துகொண்டிருந்தேன். லிவர் என்று பார்த்தால் லிவர் டயட். அப்படிச் செய்து ஒரு பெண்ணை ஆபரேஷன் தேதி வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். சரி, அதையே எழுதுகிறேன் என்றேன் ரித்திகாவிடம். எழுத உட்கார்ந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. மொழிபெயர்ப்பது அவள் பாடு.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருநெல்வேலியில் மனையியல் படித்தேன், கல்யாணம் ஆனது, கணவரின் மத்திய அரசு வேலையோடு நாட்டுத் தலைநகரின் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன், இங்கே ஒரு டிப்ளமோ முடித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று எனக்கு "அச்சா", "டீக் ஹை" தவிர இந்தி தெரியாது. மூன்றே மாதத்தில் சமையல்காரர்களோடு இந்தியில் சண்டை போட ஆரம்பித்துவிட்டேன்.

உண்மையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது சாவ்லா மேடம்தான். தலைமை டயட்டீஷியன். ஒல்லியான பஞ்சாபிப் பெண்மணி. வெயிலோ குளிரோ சாம்பல் நிறக் கம்பளி கார்டிகன், அதன் பையில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன். காலை ஏழு மணிக்குச் சமையலறைக்குள் வந்து ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்ப்பார். ஒவ்வொரு முறையும் ஸ்பூனை வெந்நீரில் முக்கித் துடைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. புதிதாக எதைக் கேட்டுப் போனாலும் மூன்று கேள்விகள் வரும். யார் சொன்னது? எங்கே எழுதியிருக்கிறது? எத்தனை கிராம்? மூன்றுக்கும் பதில் இருந்தால் "லிக்கோ" என்பார். எழுதிக்கொள் என்று அர்த்தம். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அவர் அடுத்த அண்டாவுக்குப் போய்விடுவார்.

கட்டிலில் தொங்கும் வண்ண அட்டைகள் அவருடைய கண்டுபிடிப்பு. சாதாரணச் சாப்பாட்டுக்கு வெள்ளை, சர்க்கரை நோய்க்குப் பச்சை, உப்பில்லாததற்கு நீலம், கல்லீரல் நோய்க்கு மஞ்சள். மஞ்சள் என்றால் நெய், எண்ணெய், வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு எதுவும் கிடையாது. கோதுமை ரவைக் கஞ்சி, வேகவைத்த சுரைக்காய், தண்ணீராய் ஒரு பாசிப்பருப்பு, உலர்ந்த ரொட்டி. மஞ்சள் ட்ராலி வார்டுக்குக் கிளம்பும்முன் சாவ்லா மேடம் ஒரு ரொட்டியை எடுத்துப் பழுப்புக் காகிதத்தில் அழுத்துவார். பிறகு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எண்ணெய்ப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் ட்ராலி முழுவதும் திரும்பிப் போகும். எனக்கு அந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். அவர் லீவில் போகும் நாட்களில் நான் அவரைவிடக் கறாராகச் செய்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை வார்டுக்குக் கேசர் வந்தாள். பீகானேர் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பம். வயது இருபத்தைந்துக்குமேல் இருக்காது. கூடவே புருஷன் தேஜாராம், பெரிய சிவப்புத் தலைப்பாகையும் வாய்க்கு வெளியே வராத பேச்சுமாக. வீட்டில் இரண்டு குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அவள் கல்லீரலில் நீர்க்கட்டிகள். மூன்று. ஒன்று கிட்டத்தட்ட ஆரஞ்சுப் பழம் அளவு. இது நாயின் குடலில் வாழும் ஒரு சின்ன நாடாப்புழுவின் வேலை. புழுவின் முட்டை நாயின் மலத்தில் வெளியேறி, மண், தண்ணீர், கை என்று ஏதோ ஒரு வழியில் மனிதர் வயிற்றுக்குள் போகிறது. அங்கிருந்து கல்லீரலுக்குப் போய்க் கட்டியாக உட்கார்ந்துகொண்டு, தெளிந்த நீரை நிரப்பி, உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டிப் புழுத்தலைகளை வளர்க்கிறது. ஆட்டுக்கும் இதேதான் நடக்கும். ஆட்டை அறுத்தால் கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடுவார்கள், நாய்க்குத் திரும்பவும் புழு வரும். மந்தையும் நாயும் சேர்ந்து வாழும் இடத்தில் இந்தச் சக்கரம் நிற்பதில்லை.

கட்டியை வெட்டி எடுக்கலாமே என்றால், அதில்தான் ஆபத்து. வெட்டும்போது உடைந்து நீர் சிந்தினால் அந்தக் கணமே உடம்பு அதிர்ந்து ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடலாம். பிழைத்தாலும் சிந்திய ஒவ்வொரு துளியும் வயிற்றுக்குள் புதுக் கட்டியாக முளைக்கும். கேசருக்கு ஏற்கெனவே ஒரு முறை அது நடந்திருந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் யாரோ ஒரு டாக்டர் சாதாரணக் கட்டி என்று திறந்து, அது உடைந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். இந்த மூன்றும் அதன் பிறகு வந்தவை.

எங்கள் சர்ஜன் டாக்டர் மாத்தூர் ஆறடி உயரம், குறைந்த பேச்சு. கத்தியை எடுப்பதைவிடக் கீழே வைப்பதில்தான் அவர் கெட்டிக்காரர் என்று வார்டில் சொல்வார்கள். மாத்திரை முயற்சி செய்வோம் என்று முடிவெடுத்தார். அல்பெண்டசோல். நாளைக்கு இரண்டு வேளை, இருபத்தெட்டு நாள். பிறகு பதினாலு நாள் ஓய்வு. இது ஒரு சுற்று. மருந்து கல்லீரலையும் ரத்த அணுக்களையும் சீண்டக்கூடியது என்பதால் நடுநடுவே ரத்தப் பரிசோதனை. கட்டி செத்தால் கத்தியே வேண்டாம்.

நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். "லிவர்" என்ற சொல் கண்ணில் பட்டது. மஞ்சள் அட்டையை எழுதித் தொங்கவிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

முதல் சுற்றை வார்டில் முடித்துக்கொண்டு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தர்மசாலைக்குப் போனார்கள். மாத்திரை நாட்கள் அங்கே, ஓய்வு நாட்கள் ஊரில். கிளம்பும் அன்று கேசருக்குப் படம் வரைந்து ஒரு தாள் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நெய்ச் சட்டி படத்தின்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. "ஸஹர் ஹை, விஷம்" என்று வாயாலும் சொன்னேன். அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று சுற்று முடிந்தது. கேசரை மறுபடியும் வார்டில் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று கட்டிகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. பெரியது ஒரு நூல் கூடியே இருந்தது. டாக்டர் மாத்தூர் ரவுண்டில் படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "மருந்து கேட்கலை. அடுத்த செவ்வாய்க்கிழமை திறக்கறோம்" என்றார். தேஜாராம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போன முறை என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த நாள் மத்தியானம் தேஜாராம் என் அறை வாசலில் வந்து நின்றான். கையில் கசங்கிய ஒரு துண்டுக் காகிதம். மூன்றாம் சுற்றில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை தீர்ந்துபோனதால் வெளிக்கடையில் பெட்டியோடு வாங்கியிருக்கிறான். அதற்குள் மடித்து வைத்திருந்த தாள் அது.

"மேடம்ஜி, இதுல என்ன எழுதியிருக்கு? ஆபரேஷன் பண்ணா என்ன ஆகும்னு எழுதியிருக்கா?"

பாவம், கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் ஒவ்வொருவரிடமாகக் கொண்டுபோய்க் கொண்டிருந்தான். எங்கள் மருந்தகத்தில் பெட்டியைப் பிரித்து மாத்திரைப் பட்டையை மட்டும்தான் கொடுப்பார்கள், தாளெல்லாம் குப்பைக்குப் போய்விடும். அதனால் நானும் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. எறும்பெழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனைச் சமாதானப்படுத்தத்தான் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் ஒரு வரி. இந்த மருந்து வெறும் வயிற்றில் ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. கொழுப்புள்ள உணவோடு எடுத்துக்கொண்டால் பல மடங்கு கூடுதலாகச் சேரும்.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை விரல் வைத்துப் படித்தேன்.

"கேசர் மாத்திரை சாப்பிடற நாள்ல என்ன சாப்பிடறா?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதிக் கொடுத்ததுதான் மேடம்ஜி. ஒரு பொட்டு நெய் படவிட மாட்டா. நான்கூடக் கெஞ்சிப் பாத்தேன்."

"ஓய்வு நாள்ல?"

அவன் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "ஊருக்குப் போனா அம்மா விடுவாளா? கம்பு ரொட்டியை நெய்யில முக்கிக் கொடுப்பா. மாத்திரைதான் இல்லையே, தோஷமில்லைன்னு இவளும் சாப்பிடுவா."

மருந்து உள்ளே போகும் இருபத்தெட்டு நாளும் நெய் இல்லை. நெய் உள்ளே போகும் பதினாலு நாளும் மருந்து இல்லை. திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகக் கெடுத்திருக்க முடியாது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவனை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். நான் ஓடி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை.

வார்டு சிஸ்டர் ஜெயசீலி அக்கா பாளையங்கோட்டைக்காரர். ஊர்ப் பேச்சு பேச எனக்கு ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான்.

"அக்கா, கேசருக்கு மாத்திரை எத்தன மணிக்குக் குடுத்திய?"

"காலைல ஆறு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு. ஏன், என்னத்துக்குட்டி இப்பிடி மூச்சு வாங்குத?"

"வெறும் வயித்துலயா?"

"பூச்சி மாத்திரைல்லா? வெறும் வயித்துலதான குடுப்பாவ. நம்ம ஊர்லயும் அப்பிடித்தான. அந்தப் பிள்ளைட்டயும் அப்பிடியே சாப்பிடச் சொல்லித்தான் அனுப்புனேன்."

"அது குடல்ல கிடக்க பூச்சிக்கு அக்கா. மருந்து குடல்லயே நின்னாப் போதும். இது கல்லீரலுக்குள்ள உக்காந்திருக்கு. மருந்து ரத்தத்துல ஏறுனாத்தான அங்க போவும்? ஏறவே இல்ல. நீங்க வெறும் வயித்துல குடுத்திய, நான் நெய்யை நிப்பாட்டிட்டேன்."

அக்கா தாளை வாங்கிப் படித்தார். நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார். "கர்த்தாவே. வா, இப்பமே போய்ச் சொல்லிருவோம். செவ்வாக்கெழமைக்கு நாலு நாள்தான் கெடக்கு."

டாக்டர் மாத்தூரை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிடித்தோம். அவர் நின்றபடியே தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நெய் கூடாதுன்னு எழுதினது யாரு?"

"நான் சார்."

"ஆறு மணிக்குக் கொடுத்தது?"

"நான் சார்" என்றார் ஜெயசீலி அக்கா.

"எதோட சாப்பிடணும்னு எழுதாம விட்டது?"



"அது நான்" என்று அவரே பதிலும் சொன்னார். தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மூணு பேரும் சேர்ந்து நாலு மாசமா அவளுக்குச் சும்மா ஒரு மாத்திரை கொடுத்திருக்கோம். செவ்வாய்க்கிழமை இல்லை. ஒரு சுற்று. வார்டுல வெச்சு, கண் முன்னாடி. அதுலயும் அசையலைன்னா திறந்துதான் ஆகணும்."

அடுத்தது சாவ்லா மேடம். டாக்டரிடம் போனபோது இருந்த வேகம் அவர் அறை வாசலில் கொஞ்சம் குறைந்தது. மஞ்சள் அட்டை நோயாளி ஒருத்திக்கு நெய் வேண்டும் என்றேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யார் சொன்னது?"

"டாக்டர் மாத்தூர்."

"எங்கே எழுதியிருக்கு?"

அவர் எழுதிக் கொடுத்த சீட்டையும், அந்த மருந்துத் தாளை வாங்கி எடுத்த நகலையும் நீட்டினேன்.

"எத்தனை கிராம்?"

மாட்டிக்கொண்டேன். தாளில் கொழுப்புள்ள உணவு என்றுதான் இருந்தது, அளவு எங்கே போட்டிருந்தார்கள்? அவர் திரும்ப நோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நூலகத்துக்கு ஓடினேன். இரண்டு மணி நேரம் பழைய இதழ்களைப் புரட்டி, வேளைக்கு நாற்பது கிராம் அளவில் கொழுப்பு வைத்துச் சோதித்ததாக ஒரு கட்டுரையைக் கண்டுபிடித்து, பக்கத்தைக் கையால் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் வீட்டுக்குக் கிளம்பிக் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். படித்தார். பையைக் கீழே வைத்தார்.

"கல்லீரல் நோயாளிக்கு நெய் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். அது இப்பவும் சரி. ஆனா இவளுக்குக் கல்லீரல் நோய் இல்லை. கல்லீரல்ல ஒருத்தன் வாடகை கொடுக்காம குடியிருக்கான்." பென்சிலை எடுத்தார். "எருமைப்பால் ஒரு பெரிய தம்ளர். ரெண்டு பராத்தா, நெய் அளந்து. வெண்ணெய் ஒரு உருண்டை. தயிர், ஆடையோட. காலையும் சாயங்காலமும். மாத்திரை நடுவுல, பாதி தட்டு காலியானதும். லிக்கோ!"

அந்த "லிக்கோ" கேட்டபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணி. நானே தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பராத்தாவில் நெய் மின்னியது. வார்டே மணத்தது. பக்கத்துக் கட்டிலில் மஞ்சள் காமாலைக்காரியின் அம்மா, "என்னங்க அநியாயம், எங்க பொண்ணுக்குச் சுரைக்காய், அவளுக்குப் பராத்தாவா?" என்று ஆரம்பித்துவிட்டாள். கேசர் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொடவில்லை.

"சாப்பிடு கேசர். இனிமே நீ நெய் சாப்பிடணும்."

"நெய் விஷம்னு நீங்கதானே மேடம்ஜி சொன்னீங்க." ரவிக்கைக்குள்ளிருந்து என் தாளை எடுத்து விரித்தாள். மடிப்பில் நைந்து, பாலிதீனில் சுற்றி வைத்திருந்தாள். நெய்ச் சட்டி, சிவப்புக் குறி. "பாருங்க. உங்க கையால வரைஞ்சது."

"டாக்டர் சொல்றார்."

"டாக்டர் மாத்திரை சொல்வார். சாப்பாடு நீங்க சொல்வீங்க. வயித்தைத் திறக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி கடைசியா நல்லதாச் சாப்பிடட்டும்னு கொடுக்கறீங்களா?"

ஜெயசீலி அக்கா மாத்திரைத் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் நாற்பது கட்டில்கள், அவற்றின் சொந்தபந்தங்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் பல விதமாகப் பேசுவோம். புது மருந்து, மாற்று முறை, மேலிடத்து உத்தரவு என்றெல்லாம் சொல்வோம். தப்பு செய்துவிட்டோம் என்று நோயாளியிடம் சொல்லும் வழக்கம் மட்டும் கிடையாது. யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

"கல்தி மேரி தீ, கேசர்" என்றேன். தப்பு என்னுடையது. "லிவர்னு படிச்சேன், யோசிக்காம எழுதிட்டேன். இந்த மருந்துக்கு நெய் வேணும். நெய் இல்லாததால மருந்து உனக்குள்ள போகவே இல்லை. நீ ஒண்ணும் தப்பு செய்யலை. நான் சொன்னதை அப்படியே கேட்டே, அதனாலதான் உனக்குக் குணமாகலை."

பராத்தாச் சண்டை போட்டவளும் வாயை மூடிக்கொண்டாள். கேசர் என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசம் சுரைக்காய் தின்னிருக்கேன் மேடம்ஜி!"

பிறகு பராத்தாவைப் பிய்த்து ஒரு துண்டை முதலில் என்னிடம் நீட்டினாள். வார்டில் ஊழியர்கள் சாப்பிடக் கூடாது என்பது விதி. வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நான் முழுங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். பாதித் தட்டில் ஜெயசீலி அக்கா மாத்திரையைக் கொடுத்தார்.

அந்த இருபத்தெட்டு நாளும் நான் வேலைக்குப் போனதே வேறு மாதிரி. அலுவலகக் கூட்ட பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நின்றாலும் மனம் ஸ்கேனில்தான் இருக்கும். சாவ்லா மேடம் கேசரின் பராத்தாவையும் பழுப்புக் காகிதத்தில் அழுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார், காகிதத்தில் எண்ணெய்ப் பொட்டு போதவில்லையாம். பதினைந்து வருடமாகப் பொட்டு தெரிந்ததற்குத் திட்டு வாங்கிய சமையல்காரர், "இந்தம்மாவுக்கு என்னதான் வேணும்?" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

பதினாலாம் நாள் ரத்த முடிவு வந்தது. கல்லீரல் எண்கள் ஏறியிருந்தன. செய்தி எனக்கு முன்னால் சமையலறைக்குப் போய்விட்டது. "கல்லீரலுக்கு நெய் ஊத்தினா வேற என்ன ஆகும்?" என்று முணுமுணுப்பு. முதல் தப்பைச் சரிசெய்கிறேன் என்று இரண்டாவதாகப் பெரிய தப்பைச் செய்துவிட்டேனா? ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் மாத்தூரிடம் போனேன்.

அவர் பழைய மூன்று சுற்றின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவற்றில் எண்கள் அசையவே இல்லை.

"பாருங்க" என்றார். அவர் குரலில் முதல் முறையாக ஒரு துள்ளல். "அப்ப ஒண்ணுமே ஆகலை, ஏன்னா மருந்து உள்ளயே போகலை. இப்ப கொஞ்சம் ஏறியிருக்கு. போகுது! இவ்வளவு ஏறினா தாங்கிக்கலாம். ரத்தத்துல வெள்ளை அணு சரியா இருக்கு. மூணு நாளைக்கு ஒரு தடவை பாப்போம். சாதாரண அளவுக்கு இரண்டு மடங்கைத் தாண்டினா நிறுத்திடறேன்."

மூன்று நாள் கழித்து அதே எண். ஆறு நாள் கழித்துச் சற்றே இறங்கியது. நான் தினம் காலையில் கேசரின் கண் வெள்ளையில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பேன். அவள் கன்னத்தில் சதை போட்டுக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் ஸ்கேன். எனக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் போனேன். போனால் இருட்டறை வாசலில் ஜெயசீலி அக்கா இருக்கிறார், உள்ளே டாக்டர் மாத்தூர், ஓரத்தில் கார்டிகனோடு சாவ்லா மேடம். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

ஸ்கேன் டாக்டர் கருவியைக் கேசரின் வலது விலாவுக்குக் கீழே வைத்து நகர்த்தினார். திரையில் பெரிய கட்டியின் கறுப்பு வட்டம் வந்தது. அளவில் அவ்வளவாகக் குறையவில்லை. என் மனம் உட்கார்ந்துவிட்டது. அப்போது அவர் கருவியைச் சற்றுச் சாய்த்தார்.

"அரே!" என்றார். "இங்க பாருங்க."

கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு இழை நெளிந்துகொண்டிருந்தது. கட்டியின் உள்தோல் சுவரிலிருந்து பிய்ந்து, கசங்கி, நீரில் மிதந்தது. கேசர் மூச்சு விட்டபோதெல்லாம் அது ஆடியது. தண்ணீரில் மிதக்கும் அல்லிப்பூ என்று அந்தக் காட்சிக்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த உயிர் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது கட்டியிலும் அதே. மூன்றாவது சுருங்கியிருந்தது.

"செத்துட்டான்!" என்று ஜெயசீலி அக்கா தமிழில் கத்தினார். ஒரு வார்த்தைகூடத் தமிழ் தெரியாத டாக்டர் மாத்தூர், "எக்ஸாக்ட்லி!" என்றார். சாவ்லா மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேஜையில் படுத்திருந்த கேசர், "யாராவது எனக்குச் சொல்லுங்களேன்!" என்று தலையைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. கத்தி வேண்டாம் என்று சொன்னேன். இன்னும் இரண்டு சுற்று நெய்யோடு சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகளிடம் போகலாம் என்று சொன்னேன். வெளியே தேஜாராமிடம் சொன்னபோது அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இனிப்பு வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். பையை எடுக்க அறைக்குள் வந்ததும் அலமாரியில் டயட் பதிவேடுகள் கண்ணில் பட்டன. அப்போதுதான் உறைத்தது. இந்த நோய்க்கு, இந்த மாத்திரைக்கு, கேசர் முதல் ஆள் இல்லையே. அவளுக்கு முன்னால் எத்தனை பேருக்கு மஞ்சள் அட்டை எழுதினேன்?

இரண்டு நாள் பதிவேடுகளைப் புரட்டினேன். ஒன்பது பெயர்கள். எல்லாம் என் கையெழுத்து. ஒன்பது பேருக்கும் போஸ்ட் கார்டு எழுதினேன், இந்தியில், பெரிய எழுத்தில். "நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிடும்போது நெய் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்தது தப்பு. தயவுசெய்து உடனே வந்து பாருங்கள்." அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இப்படி ஒரு கார்டு போவது யாருக்காவது தெரிந்தால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று நினைக்காமல் இல்லை. மறைத்து அனுப்பவும் மனம் வரவில்லை. கார்டுகளை சாவ்லா மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. கார்டிகன் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒன்பது கார்டிலும் "நான்" என்பதை அடித்து "நாங்கள்" என்று எழுதினார். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். "இன்னைக்குத் தபால் போயிடும், ஜல்தி" என்றார்.

மூன்று கார்டு விலாசம் தெரியாமல் திரும்பி வந்தது. சிலரிடமிருந்து பதிலே இல்லை. ஒருவர் வேறு எங்கோ ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இருப்பதாக மகன் எழுதினான். மூன்றாவது வாரம் ஒரு காலை, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டையோடு ஒரு பெரியவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் என் போஸ்ட் கார்டு. இரண்டாவது தடவையாக மாத்திரை ஆரம்பித்திருப்பதாகவும், கட்டி குறையவில்லை என்றும் சொன்னார்.

"இன்னைக்கு மாத்திரை சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை மேடம். இங்க வந்து உங்களைக் கேட்டுட்டுச் சாப்பிடலாம்னு வெச்சிருக்கேன்." சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் காட்டினார். "காலையிலேருந்து வெறும் வயிறுதான்."

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பராத்தா போடச் சொல்லிச் சமையலறைக்கு ஓடினேன்.